நூற்றைம்பது படம் பொறுக்க மூன்று மாதம்

மல்லிகா பொய் சொன்னாள். முதலிலேயே இதைச் சொல்லிவிடுவது நல்லது, பிறகு யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது பாருங்கள். ஐம்பத்தைந்து வயது வரைக்கும் அவள் வாயில் பெரிதாக ஒரு பொய் வந்ததில்லை. காய்கறிக்காரனிடம் "நேத்து இதைவிடக் கம்மிக்குக் குடுத்தியே" என்று சொல்கிற பொய்யெல்லாம் பொய்யில் சேராது. ஐம்பத்தாறாவது வயதில்தான், ஒரு கல்யாண போட்டோக்காரனைச் சாக்காக வைத்துக்கொண்டு, பெற்ற மகளிடம் மூன்று மாதம் விடாமல் பொய் சொன்னாள். வாய் கூசவே இல்லை.

மராத்தி ஊரான தாபோடியில் பிறந்தவள். அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து வெடிமருந்து ஃபேக்டரிக்கு வேலைக்கு வந்தவர். படித்தது மராத்திப் பள்ளிக்கூடம், வீட்டில் தமிழ், தெருவில் இந்தி. கட்டிக்கொடுத்தது ஆகுர்டியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த சந்தானத்துக்கு. நல்ல மனுஷன். ஆறு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. மிச்சம் ஒரே மகள் ப்ரீத்தி, சிஞ்ச்வட்டில் இரண்டாவது மாடியில் ஒரு ஃபிளாட், அப்புறம் மல்லிகாவின் வேலை.

அந்த வேலையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வண்டிக்குப் போகிற சின்னச் சின்ன இரும்புப் புஷ், அதாவது குட்டி வளையம், செய்கிற கம்பெனி. அதில் இருபத்தெட்டு வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் டேபிளில் உட்கார்ந்திருந்தாள். டியூப்லைட்டுக்குக் கீழே புஷ்ஷை விரலில் ஒரு உருட்டு உருட்டுவாள். கீறல் இருந்தால் சிவப்பு டப்பா, இல்லாவிட்டால் பச்சை டப்பா. மணிக்கு எண்ணூறு. புதிதாகச் சேருகிற பெண்களைக் கூட்டி வந்து சூப்பர்வைசர், "மல்லிகா தாயி கையைப் பாருங்க, கண்ணைப் பாருங்க" என்று காட்டுவார். மராத்தியில் தாயி என்றால் அக்கா. போன வருஷம் கம்பெனி ஒரு கருப்புப் பெட்டிக்குள் கேமராவை வைத்து அந்த வேலையை அதற்குக் கொடுத்துவிட்டது. மல்லிகாவுக்கு ஒரு சால்வை, ஒரு சுவர்க் கடிகாரம். போய் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

இப்படிப்பட்ட கண்ணுக்காரி நூற்றைம்பது போட்டோ பொறுக்க மூன்று மாதம் ஆகிறது என்றால் யாராவது நம்புவார்களா? ப்ரீத்தி நம்பினாள். அங்கேதான் விஷயமே இருக்கிறது.

கல்யாணம் தை மாத நடுவில் நடந்தது. மாப்பிள்ளை நிர்மல், கோயம்புத்தூர்ப் பையன், ப்ரீத்தியோடு ஒரே ஆபீசில் இருந்தவன். இரண்டு பேருக்கும் பிடித்துப்போய், இரண்டு வீட்டிலும் யாரும் குறுக்கே நிற்கவில்லை. போட்டோவுக்கு மாதவ் என்ற மராத்திப் பையனைப் பிடித்தாள் ப்ரீத்தி. முப்பது வயதிருக்கும், அடர்ந்த தாடி, வாயைத் திறந்தால் காகூ, காகூதான்; மராத்தியில் சித்தி. கல்யாணத்துக்கு முந்தின வாரம் வீட்டுக்கு வந்து, யார் யாரை எடுக்க வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு போனான். ப்ரீத்தி பூ, விளக்கு, பின்பக்க வெளிச்சம் என்று என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். மல்லிகா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"பார் தம்பி, எங்க கல்யாணத்துல தாலி கட்டற நேரத்துக்கு மேளக்காரன் தட்டு தட்டுன்னு தட்டுவான். அந்தச் சத்தம் கேட்டதும் அத்தனை பேரும் எழுந்து அரிசி போட வந்துடுவாங்க. உனக்கு முதுகுதான் தெரியும். முன்னாடியே ஒரு ஸ்டூல் போட்டு ஏறி நில்லு."

அவளும் அவனும் பேசியது மராத்தியில். உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன். மாதவ் அப்படியே ஸ்டூல் போட்டு ஏறி நின்றான். தாலி கட்டின படம் ஒன்றுகூடப் பிசகவில்லை.

கல்யாணம் முடிந்து பத்தாம் நாள் பிள்ளைகள் ஜெர்மனிக்கு விமானம் ஏறிவிட்டார்கள். ஸ்டுட்கார்ட் என்று ஒரு ஊர். இரண்டு பேருக்கும் அங்கே வேலை.

போன பிறகு வந்தது என்ன? சேர்ந்துவிட்டோம் என்று ஒரு வரி. ஜன்னலுக்கு வெளியே பனி பெய்கிற படம் ஒன்று. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற பொம்மை, அது மட்டும் தினமும். மல்லிகா பொறுத்துப் பார்த்துவிட்டு அவளே போன் செய்தாள்.

"அம்மா, மீட்டிங்ல இருக்கேன். எதாச்சும் அர்ஜெண்டா?"

"அர்ஜெண்ட் ஒண்ணும் இல்லடி. சும்மாதான்."

"அப்ப நான் அப்புறம் பண்றேன்மா."

ஜெர்மனியில் அப்புறம் என்பது எத்தனை நாளைக்கு ஒரு முறை வருமோ தெரியவில்லை. ப்ரீத்தியைக் குற்றம் சொல்லவும் முடியாது. புது ஊர், புது ஆபீஸ், வாயில் நுழையாத பாஷை, பேப்பர் பேப்பராகக் கையெழுத்து. அம்மா எங்கே போகப் போகிறாள், சிஞ்ச்வட்டில்தானே இருக்கிறாள் என்ற நினைப்பு. பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். கல்லெல்லாம் இல்லை. பிள்ளை மனசுக்கு நேரம் இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் இந்தப் பக்கம் ஒருத்திக்கு நேரத்தைத் தவிர வேறொன்றும் இல்லையே. காலையில் அரை டம்ளர் அரிசி வைத்தால் இரண்டு வேளைக்கு வரும். பாத்திரம் மூன்று. துணி இரண்டு. எதிர் ஃபிளாட்டில் புருஷன் பெண்டாட்டி இருவரும் எட்டு மணிக்குக் கதவைப் பூட்டிக்கொண்டு போனால் ராத்திரிதான் வருவார்கள். ஒருநாள் சாயங்காலம் தண்ணீர் மோட்டார் போட்டாயா என்று வாட்ச்மேனைக் கேட்க வாயைத் திறந்தாள், குரல் வரவில்லை. கரகரவென்று ஏதோ வந்தது. காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை என்று அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. மேலே வந்து கதவைச் சாத்திக்கொண்டு, "மோட்டார் போட்டியா, மோட்டார் போட்டியா" என்று இரண்டு முறை சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள். அப்புறம் தன்னை நினைத்து அவளுக்கே அழுகை வந்துவிட்டது.

அந்த வாரம்தான் மாதவிடமிருந்து போட்டோ வந்தது. போனில் ஒரு லிங்க். தொட்டால் படங்கள் திறக்கும். மொத்தம் நாலாயிரத்து முன்னூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு நம்பர், பக்கத்தில் ஒரு இதயம். பிடித்த படத்தில் இதயத்தை அமுக்கினால் சிவப்பாகும். நூற்றைம்பது சிவப்பானால் ஆல்பம் போடுவான். மூன்று மாதம் கெடு. அதற்குமேல் அவ்வளவு படத்தையும் வைத்துக்கொண்டிருக்க அவனிடம் இடம் இல்லையாம். வழியும் சொல்லிக்கொடுத்தான்: முதலில் கண் மூடினதைத் தள்ளுங்கள், அப்புறம் ஒரே மாதிரி இருப்பதில் ஒன்றை வையுங்கள், சடங்குக்கு மூன்று, ஆளுக்கு ஒன்று, முடிந்தது காகூ. இன்ஸ்பெக்‌ஷனை எனக்கே சொல்லித்தருகிறானே என்று மல்லிகா மனதுக்குள் சிரித்துக்கொண்டாள்.

அன்றைக்கு ப்ரீத்தியே போன் செய்தாள். "அம்மா, லிங்க் பாத்தியா? ஓபன் பண்ணு, நானும் ஓபன் பண்றேன்!" இங்கே இவள், அங்கே அவள், ஒரே படத்தை ஒரே நேரத்தில் பார்த்தார்கள். "ஐயோ, நிர்மல் மூஞ்சியப் பாரு, பல் டாக்டர்கிட்ட உக்காந்த மாதிரி!" "அந்தப் புரோகிதர் ஏன்டி எல்லாப் படத்துலயும் கொட்டாவி விடறாரு?" சிரித்துச் சிரித்து மல்லிகாவுக்கு இடுப்பு வலித்தது. ஒரு மணி பத்து நிமிஷம். கடைசியில் ப்ரீத்தி சொன்னாள்: "மிச்சத்த நீயே பாத்துடும்மா. எனக்கு டைமே இல்ல. உன் கண்ணு யாருக்கு வரும்? டவுட் இருந்தா மட்டும் கேளு."

டவுட் இருந்தால் மட்டும் கேள். மல்லிகா அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

உண்மையைச் சொல்கிறேன், அவள் இரண்டாம் நாள் காலையில் காபி குடித்துவிட்டு உட்கார்ந்தாள், மதியச் சோற்றுக்கு எழுந்திருக்கும்போது வேலை முடிந்துவிட்டது. நாலாயிரத்து முன்னூற்றுப் பன்னிரண்டிலிருந்து நூற்றைம்பது. நம்பர்களைக் கம்பெனி நோட்டு ஒன்றில் வரிசையாக எழுதிவைத்தாள். போனில் நூற்றைம்பது இதயமும் சிவந்தாயிற்று. "முடிந்தது" என்ற பட்டன் ஒன்றுதான் பாக்கி. விரல் அதன் பக்கம் போனது, திரும்பி வந்துவிட்டது. இதை அமுக்கினால் அப்புறம் ப்ரீத்தி எதற்குப் போன் செய்வாள்? மல்லிகா நூற்றுப் பத்து இதயத்தைக் கலைத்துவிட்டு, போனை எடுத்து மகளுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினாள்: "ப்ரீத்தி, ஒரு டவுட்டு. மாலை மாத்தறதுல ரெண்டு நல்லா இருக்கு. எது வைக்கட்டும்? பேசினாதான் புரியும்."

பதினைந்து நிமிஷத்தில் போன் வந்தது. கட்டைவிரல் பொம்மை இல்லை, குரல்.

அப்புறம் என்ன, ருசி கண்ட பூனைதான். ஞாயிற்றுக்கிழமை ஒரு டவுட், புதன்கிழமை ப்ரீத்தியின் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு டவுட். ஊஞ்சலில் பெரியப்பா கண் மூடியிருக்கிறார், ஆனால் அந்தப் படத்தில்தான் உன் சிரிப்பு நன்றாக இருக்கிறது, என்ன செய்ய? உன் மாமியார் படம் நாலு வைத்தாகிவிட்டது, அஞ்சாவதாக ஒன்று வைக்காவிட்டால் கோபித்துக்கொள்வார்களா? ஒன்றும் பொய்யில்லை, எல்லாம் நிஜமாகக் கேட்கக்கூடிய கேள்விதான். ஆனால் கேட்கிறவளுக்குப் பதில் தெரியுமே. ஒவ்வொரு சாயங்காலமும் நூற்றைம்பதையும் சிவப்பாக்குவாள், நோட்டோடு ஒத்துப் பார்ப்பாள், ஒரு படம் பிசகியிருக்காது. பிறகு கலைப்பாள். கலைக்கும்போது மனசு கொஞ்சம் லேசாகும், இன்னும் வேலை பாக்கியிருக்கிறது என்று.

டவுட் தீர்ந்துபோனதும் குறை கண்டுபிடிக்க ஆரம்பித்தாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆடத் தெரிந்தவள் கூடத்தைக் கோணல் என்றால் அதற்கு வேறு காரணம் இருக்கிறது. மாதவைக் கூப்பிட்டு, "எண்ணூத்தி எண்பத்தெட்டுல எம் பொண்ணு நெத்திச்சுட்டி கோணலா இருக்கு" என்றாள். சரி செய்ய அவனுக்கு எப்படியும் பத்து நாள் ஆகும், அதுவரைக்கும் ப்ரீத்தியிடம் "போட்டோக்காரன் லேட் பண்றான்" என்று சொல்லலாம் என்பது கணக்கு. பாவி, மாதவ் அரை மணி நேரத்தில் நெற்றிச்சுட்டியை நேராக்கி அனுப்பிவிட்டான். உலகத்தில் எத்தனையோ சோம்பேறிப் போட்டோக்காரன் இருக்க, இவளுக்கு வந்து வாய்த்தவன் இப்படிச் சுறுசுறுப்பாகவா இருக்க வேண்டும்! மல்லிகாவுக்கு அவன்மேல் நிஜமாகவே கோபம் வந்தது. அரை மணி நேரத்தில் சரியாகிவிட்ட படத்துக்கு, "பத்து நாள் ஆகும்னு சொல்லிட்டான்டி" என்று மகளிடம் சொன்னாள். அதுதான் முதல் முழுப்பொய்.

மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஒரு கூத்து. வழக்கமாக ப்ரீத்தியின் போன் மதியம் இரண்டரைக்கு வரும். அங்கே காலை பத்து. மல்லிகா ஒன்றரை மணிக்குத் தைரியமாக பாத்ரூம் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டாள். வெளியே வந்து பார்த்தால் போன் இரண்டு முறை அடித்து ஓய்ந்திருக்கிறது. ஜெர்மனியில் அன்றைக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துவிட்டார்களாம், அங்கே பத்து மணி இங்கே ஒன்றரைக்கே வந்துவிட்டது. எவன் கேட்டான் இந்த வேலையை? ஈரத்தலையோடு திரும்பக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. "வெளிய போறோம்மா, வெனஸ்டே பேசலாம்" என்று ஒரு வரி மட்டும் வந்தது. ஞாயிறிலிருந்து புதன் வரைக்கும் அந்த வீட்டில் எத்தனை மணி நேரம் இருந்தது என்று அவளைக் கேட்டால் சொல்லுவாள்.

இதில் இன்னொரு கொடுமை. போன் வந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் சுருங்கிக்கொண்டே வந்தது. ஒரு மணி பத்து நிமிஷம் அரை மணி ஆனது. அரை மணி ஏழு நிமிஷம் ஆனது. ஏப்ரல் பாதியில் ப்ரீத்தி ஹலோகூடச் சொல்லவில்லை.

"செலக்‌ஷன் முடிச்சியா?"

"இன்னும் கொஞ்சம் இருக்குடி..."

"க்யா அம்மா! ரெண்டு மாசமா ஒரு ஆல்பம்? என் ஃபிரெண்ட்ஸ் எல்லாம் ஒரே நாள்ல முடிச்சாங்க. உன்னால முடியலன்னா சொல்லு, இப்பல்லாம் சாஃப்ட்வேரே நல்ல போட்டோ எதுன்னு பொறுக்கிடும்."

"ஒருக்கா கேமரா வந்து என்னை வீட்டுக்கு அனுப்பினது பத்தாதா? என் பொண்ணு கல்யாணத்தையும் அதுவே பொறுக்கணுமா?"

"அப்ப சீக்கிரம் முடி. பை."

இரண்டு நிமிஷம். அதுவும் திட்டு. மல்லிகா போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தான் செய்வது தவறு என்று தெரியாத ஜென்மம் இல்லை அவள். ஆனால் திட்டினாலும் அது ப்ரீத்தியின் குரல்தானே. கடைசியில் "சாப்டியா" என்று ஒரு வார்த்தை சேர்த்துத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மே மாதம் கெடு நெருங்கியபோது மாதவ் நேரிலேயே வந்துவிட்டான். வெயிலில் இரண்டு மாடி ஏறி வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, லேப்டாப்பைத் திறந்தான். உட்கார்ந்து முடித்துக் கொடுக்கச் சொல்லி ப்ரீத்திதான் அனுப்பியிருக்கிறாள். மல்லிகா நெற்றிச்சுட்டிக் கதையில் தொடங்கி, வெளிச்சம் போதாது, நிறம் மங்கல் என்று அடுக்க ஆரம்பித்தாள். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினான்.

"காகூ, என் சிஸ்டத்துல தினமும் எத்தனை செலக்ட் ஆச்சுன்னு வந்துடும். பாருங்க. மார்ச் மூணு, நூத்தம்பது. அன்னிக்கே நாப்பது. மார்ச் நாலு, நூத்தம்பது. அன்னிக்கே முப்பத்தெட்டு. இப்படியே கீழ வரைக்கும்." குரலில் கிண்டல் இல்லை. "செலக்ட் பண்ணாம விடற பார்ட்டி எங்கிட்ட நிறைய இருக்கு. கல்யாணம் முடிஞ்சதும் ஆல்பம் யாருக்கு வேணும்? முடிச்சிட்டு முடிச்சிட்டு கலைக்கிற ஆளை நான் பாத்ததே இல்ல."

மல்லிகாவுக்கு முகம் சிவந்தது. "உனக்கு வேற வேலை இல்லையா? எத்தனை சிவப்பு, எத்தனை வெள்ளைன்னு எண்ணிக்கிட்டு இருக்கியா?" என்று எகிறினாள். அவன் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். அவளும் எத்தனை நேரம்தான் எகிறுவாள்? உள்ளே போய் டீ போட்டாள். டீயோடு அந்த நோட்டையும் கொண்டுவந்து வைத்தாள்.

"இதுல இருக்கு எல்லா நம்பரும். போட்டுக்க."

அவன் ஒவ்வொரு நம்பராகத் திறந்து பார்த்துக்கொண்டே போட்டான். பாதியில் நிறுத்தி, "நானே பொறுக்கியிருந்தா இதுல இருபது படம் மிஸ் பண்ணியிருப்பேன்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க இதுல நாலே படத்துலதான் இருக்கீங்க, காகூ" என்றான்.

"எம் மூஞ்சி எனக்குத் தெரியாதா? தினம் அதைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். வேற யாரு இருக்கா இங்க பாக்கறதுக்கு?"

மாதவ் மிச்ச நம்பரையும் போட்டான். டீயைக் குடித்தான். கடைசியில், "முடிந்தது" பட்டனை நீங்களே அமுக்குங்கள் என்று லேப்டாப்பை நீட்டினான். அவள் அமுக்கினாள். போகும்போது நோட்டின் அந்தப் பக்கத்தைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டான். கஸ்டமர் கையால் எழுதின லிஸ்டை வைத்துக்கொள்வது அவன் தொழில் வழக்கம். அவன் ஆபீசுக்கும் ஒன்று, ப்ரீத்திக்கும் ஒன்று என்று அனுப்பிவிட்டான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, பாவம்.

ஆனால் அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது தெரியுமா? இருபத்தெட்டு வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் ஷீட் எழுதின கை அது. அடியில் தேதியும் ஷிஃப்டும் கையெழுத்தும் போடாமல் ஒரு ஷீட்டை மூட அந்தக் கைக்குத் தெரியாது. நூற்றைம்பதாவது நம்பருக்குக் கீழே மணிமணியாக எழுதியிருந்தது: 22-2, ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், மல்லிகா.

அன்று சாயங்காலமே போன் அடித்தது. புதனும் இல்லை, ஞாயிறும் இல்லை.

"அம்மா, மாதவ் அனுப்பினத பாத்தேன். பிப்ரவரி ட்வென்டி டூ போட்டிருக்கு."

மல்லிகா நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தின் அடியைப் பார்த்தாள்.

"அன்னிக்கே முடிச்சிட்டியா? அப்ப இத்தன நாள் அது டவுட்டு, இது கோணல்னு சொன்னதெல்லாம்? நான் லஞ்ச்கூட சாப்பிடாம உன்கூட பேசியிருக்கேன்மா! ஏன் இப்படி பண்ண?"

"நீ போன் பண்ணணும்னுதான்."

வேறு ஏதாவது சாக்குச் சொல்லியிருக்கலாம். சாக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தது அவளுக்கு.

அப்புறம் ப்ரீத்தி, "என்னம்மா இது? எங்கிட்ட பேசறதுக்கு உனக்கு ஒரு காரணம் வேணுமா?" என்றாள்.

"எனக்கு எதுக்குடி காரணம்? உனக்குத்தான் வேண்டியிருக்கு."

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. கையை வைத்து வாயைப் பொத்திக்கொண்டாள். யாரோ அந்தப் பக்கம் ஜெர்மன் பாஷையில் ப்ரீத்தியைக் கூப்பிட்டார்கள். "நான்... மீட்டிங் இருக்கும்மா. சண்டே பண்றேன்" என்று வைத்துவிட்டாள்.

ஞாயிறு வர மூன்று நாள் இருந்தது. அந்த மூன்று நாளும் மல்லிகா தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். பேசாமல் ஒரு பொய்யோடு விட்டிருக்கக் கூடாதா? இப்போது குழந்தை மனசைக் குத்தியாயிற்று. கோபத்தில் போனே செய்யாவிட்டால்? இல்லை, செய்வாள். செய்யாவிட்டால்? கையில் இனி ஒரு டவுட்டும் இல்லை. லிங்க்கைத் திறந்து பார்த்தாள். படமெல்லாம் அப்படியே இருந்தது, ஆனால் இதயங்களை அமுக்க முடியவில்லை. அமுக்கி அமுக்கிப் பார்த்தாள்.

ஞாயிறு ஒன்றரைக்குப் போன் வரவில்லை. ஒன்றே முக்காலுக்கு வரவில்லை. இரண்டேகாலுக்கு வந்தது.

"சாப்டியாம்மா?"

"சாப்டேன். நீ?"

"ம். பிரெட்."

"மாப்பிள்ளை?"

"ஓடப் போயிருக்கான்."

"நல்லது, நல்லது."

"அங்க வெயிலா?"

"நாப்பது டிகிரி."

"ஓ."

மல்லிகா ஏதாவது சொல்ல வேண்டும் என்று வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். ஃபேன் ஓடுகிறது. சுவரில் கம்பெனி கொடுத்த கடிகாரம். இதில் எதைச் சொல்ல? ப்ரீத்தியும் அங்கே எதையோ தேடுவது தெரிந்தது. ஐயோ, இதற்கா மூன்று மாதம் பொய் சொன்னோம், படம் இல்லாவிட்டால் எனக்கும் என் மகளுக்கும் பேச ஒன்றுமே இல்லையா என்று நினைத்தாள். "சரிம்மா... வெச்சிடட்டா?" என்றாள் ப்ரீத்தி. "வெச்சுடு கண்ணு" என்றாள் இவள். மூன்று நிமிஷம்.

மல்லிகா போனை மடியில் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். அழவில்லை. எழுந்து போய்ச் சாப்பிட்ட தட்டைக் கழுவ வேண்டும், அதற்குக்கூட உடம்பு ஒத்துழைக்கவில்லை.

போன் மறுபடி அடித்தது.

"அம்மா, ஒண்ணு கேக்க மறந்துட்டேன்." ப்ரீத்தியின் குரல் கொஞ்சம் வேகமாக, கொஞ்சம் உயரமாக இருந்தது. "மூவாயிரத்து நூத்தி ஆறாவது படம். பந்தில ஓரமா ஒரு ஆன்ட்டி, பச்சைப் புடவை, கையில அப்பளம். யாரும்மா அது? எனக்குத் தெரியவே இல்ல."

மல்லிகாவுக்குப் படத்தைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. அது மேரி. இந்த ஃபிளாட்டுக்கு வருவதற்கு முன்னால் தாபோடியில் குடியிருந்தபோது பக்கத்து வீட்டு மேரி. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பத்து வருஷம் ப்ரீத்தி சாப்பிட்டது மேரியின் தட்டில்தான். அம்மாவுக்கு நைட் ஷிஃப்ட் வந்தால் தூங்கினது மேரியின் பாயில்தான். கல்யாணத்தன்று மேடையில் நின்றுகொண்டு, "மேரி ஆன்ட்டி வந்தாதான் ஃபேமிலி போட்டோ" என்று அடம்பிடித்தவளே இந்த ப்ரீத்திதான்.

மல்லிகா தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

"பச்சைப் புடவையா? எனக்கும் யாருன்னு தெரியலையேடி. மாப்பிள்ளை வீட்டுக்காரங்களா இருக்கும். நாலு பேர்கிட்ட விசாரிச்சாதான் தெரியும்."

"விசாரி. எப்ப சொல்லுவ?"

"உடனே எப்படிச் சொல்றது? நீ புதன்கிழமை போன் பண்ணு," என்றாள் மல்லிகா.